அக்காவுக்குப் பெலன் தாரும்

நாங்கள் வந்து குடியேறிய பாபகூராவில் எங்கள் சபைக்குச் சொந்தமாக ஒரு கதவுகூட இல்லை. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் பழைய வெள்ளைக்காரச் சபை ஒன்றின் மரக் கோயிலும் அதன் பின்னால் ஒரு மண்டபமும் இருக்கின்றன. காலையில் அவர்கள் ஆராதித்துவிட்டுப் போன பிறகு, மத்தியானம் மண்டபத்தில் நாங்கள். அவர்களில் பதினைந்து பேர் வந்தால் அன்றைக்குப் பெருநாள். நாங்கள் பிள்ளைகளோடு சேர்த்து எழுபதுக்குக் குறையாது. இரவல் இடம் என்றால் சாவி என்று ஒன்று இருக்கும். சாவி இருந்தால் அதை வைத்திருக்க ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தியாகப் பத்து வருஷத்துக்கு மேலாக நான் இருந்தேன்.

சாவி என்னிடம் வந்த விதத்தில் ஒரு மகிமையும் இல்லை. முன்பு அதை வைத்திருந்தவர் குடும்பத்தோடு ஒஸ்ரேலியாவுக்குப் போனார். போகிற அவசரத்தில் என் கையில் அதை வைத்து, "அக்கா, ஒரு மாசத்துக்கு வைச்சிருங்கோ, பிறகு ஆரும் எடுப்பினம்" என்றார். அந்த 'ஆரும்' இன்னும் பிறக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

சாவி என்றால் கதவைத் திறந்து மூடுவது மட்டும் என்று நினைப்பவர்கள் சாவி வைத்திருந்ததில்லை. முதலில் போய் அலாரத்தை நிறுத்த வேண்டும். குளிர்காலமானால் ஹீட்டரைப் போட வேண்டும். கதிரைகளை இழுத்துப் போட வேண்டும். குசினிச் சுவரில் பொருத்தியிருக்கும் கொதிநீர்ப் பெட்டியை ஆராதனை தொடங்குமுன் போட்டால்தான் முடியும்போது தண்ணீர் கொதித்திருக்கும். பிறகு தேத்தண்ணி. யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு மாதிரி, தமிழ்நாட்டுச் சனத்துக்குப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவைத்த இன்னொரு மாதிரி, மலேசியாவிலிருந்து வந்த இரண்டு குடும்பங்களுக்கு டின்பால் விட்டது. ஒரே ஆண்டவர், மூன்று கேத்தில். அதன்பின் கோப்பை கழுவி, நிலம் துடைத்து, கறி மணம் போக யன்னலெல்லாம் திறந்து வைத்து, திரும்பவும் அவற்றைப் பூட்டி, குப்பையைக் காரில் ஏற்ற வேண்டும். அங்கே நிற்கும் குப்பைத் தொட்டி காலைச் சபைக்குரியது. எங்கள் வடையும் ரோல்ஸும் மிஞ்சிய குப்பை என் வீட்டுத் தொட்டிக்குத்தான் வரும். ஞாயிறு பின்னேரங்களில் என் கார் எப்போதும் ஈரத் தேயிலை மணக்கும்.

பெருமைக்காகச் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன், பக்திக்காகச் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன். தொடங்கிவிட்டேன், அதனால் செய்தேன்.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு படுத்திருந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். செவ்வாய், வியாழன், சனி. வந்த அன்று துவண்டுபோய்க் கிடப்பார். அடுத்த நாள் காலையில் முகம் தெளியும், சாப்பாடு பிடிக்கும், கதை வரும். நான் வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன், திங்களிலிருந்து சனி வரை எந்த நேரமும் ஷிப்ட் வரலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் மனிசராக இருக்கிற, நான் வீட்டில் இருக்கக்கூடிய ஒரே நாள் ஞாயிறு. இருதயமும் பலவீனம் என்பதால் மாற்றுச் சிறுநீரகத்துக்கு அவரைச் சேர்க்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். எவ்வளவு காலம் என்று நாங்கள் கேட்கவில்லை. டொக்டரும் அதைச் சொல்லாமல், இருக்கிற நாட்களைச் சேர்ந்து கழியுங்கள் என்று மட்டும் சொன்னார்.

முந்தி அவரும் என்னோடு கோயிலுக்கு வருவார். வருத்தம் வந்த பிறகு நிறுத்திக்கொண்டார். வாசலில் காலை வைத்தவுடன் நாலு பேர் தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். ஐந்தாவது ஆள் வாழைத்தண்டுச் சாறு குடித்தீர்களா என்று கேட்பார். ஆறாவது ஆள் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டுவார். அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு இருப்பதை எத்தனை தரம் சொன்னாலும் எங்கள் சனத்துக்குப் புரியாது. வேண்டாம் என்றால் உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள்.

"எனக்கு என்ன வருத்தமெண்டு ஆண்டவருக்குத் தெரியும்" என்றார் ஒருநாள். "இவையளுக்கும் விளங்கப்படுத்த எனக்கு ஏலாது. நீர் கோயிலுக்குப் போட்டு வாரும்."

அவருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். கிளீவ்டன் தாண்டிப் போனால் ஒரு சின்னக் கடற்கரை வரும். அலைகூடப் பெரிதாக இல்லை. காரை நிறுத்தி உள்ளேயே இருந்து பார்க்கலாம். அங்கே போயிருந்தால் அவர் கதைக்கவும் மாட்டார், சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். "இந்த ஞாயிறு கடலடிக்குப் போவமே?" என்று கேட்டார். அந்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. அடுத்ததில் ஞானஸ்நானம். அதற்கடுத்ததில் சென்னையிலிருந்து ஒரு பிரசங்கியார். பிறகு வாலிபர் ஆராதனை. ஒவ்வொரு முறையும் "அடுத்த கிழமை கட்டாயம்" என்று சொன்னேன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். ஆள் கோபித்துக் கதவைச் சாத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஞாயிறு மத்தியானங்களில் யன்னலடிக் கதிரையில் இருந்து நான் கார் எடுக்கும்போது கை காட்டினார்.

சாவியை யாரிடமாவது கொடுக்க நான் முயலாமல் இல்லை. நாகர்கோவில் பக்கத்துத் தாதி ஒருத்தி, நல்ல பிள்ளை, "அக்கா, எனக்கு எப்போ டூட்டி வரும்னே தெரியாதே" என்றாள். அது உண்மை. மற்றவர்களின் பதில்தான் எனக்கு அலுத்துப்போனது. கம்ப்யூட்டர் வேலை செய்கிற ஒரு தம்பி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கையைக் கூப்பியபடி, "நான் டீ போட்டா உங்க டீ மாதிரி வருமாக்கா? எல்லாரும் சபையையே விட்டு ஓடிருவாங்க" என்றார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "உங்கட கை பட்டால்தான் அக்கா அது தேத்தண்ணி" என்றார். எங்கள் சனத்திடம் பாராட்டு என்பது மாட்டேன் என்பதன் மரியாதையான பெயர். நான் எவ்வளவு பாராட்டப்பட்டேன் என்றால், மண்டபத்தில் ஒரு கோப்பையைக்கூட என்னைத் தவிர வேறு யாரும் கழுவவில்லை. ஒருமுறை வட்ஸ்அப்பில் முறை போட்டு ஆட்களைப் பிரிக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன். நாற்பது பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். ஞாயிறு பார்த்தால் குசினியில் நான்தான் நின்றேன்.

காலைச் சபையில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருக்கிறார், என்னைவிட இருபது வயது மூப்பு. பலிபீடத்துக்குப் பூ வைப்பது அவர் பொறுப்பு. ஒருநாள் நான் முந்திப் போயிருந்தேன், அவர் அப்போதுதான் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். பலிபீடத்தில் பிளாஸ்டிக் பூக்கள் நின்றன. என்ன, தோட்டத்தில் பூ இல்லையா என்று கேட்டேன். தோட்டம் நிறையப் பூ இருக்கிறது, என் கைக்குத்தான் இனி முடியாது, சொல்லிவிட்டேன், அவர்கள் கடையில் இதை வாங்கி வைத்துவிட்டார்கள் என்றார். அந்தப் பூக்களைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, "இதனால் யாரும் சாகவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தபடி, கோலை ஊன்றிக்கொண்டு போனார். நான் பின்னால் மண்டபத்தைத் திறந்தும் அதன் அலாரத்தை நிறுத்த மறந்து நின்றேன். அது கத்தத் தொடங்கிய பிறகுதான் ஓடினேன்.

எங்கள் சபையில் ஒருவரும் ஒன்றையும் நேரே சொல்வதில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் ஜெபக் குறிப்பாக வரும். பிரசங்கம் முடிந்ததும் போதகர் ஜெபக் குறிப்பு உண்டா என்று கேட்பார். மகளுக்கு மாப்பிள்ளை வேண்டுமா, ஜெபக் குறிப்பு. வீடு விற்க வேண்டுமா, ஜெபக் குறிப்பு. பக்கத்து வீட்டு வாசலை மறித்துக் காரை நிறுத்துகிறவர்களைத் திருத்த வேண்டுமா, "கார் நிறுத்துகிற விஷயத்தில நம்ம சபைக்கு ஒரு ஞானம் கிடைக்க ஜெபிப்போம்". பிளாஸ்டிக் பூவைக் கண்ட அன்றைக்கு எனக்குத் தோன்றியது, ஊர் வழியிலேயே நானும் போய்ப் பார்த்தால் என்ன. பத்து வருஷத்தில் நான் எழும்பிக் குறிப்புச் சொன்னதில்லை. நான் எழும்பியதும் எல்லாரும் திரும்பினார்கள்.

"சாவியையும் குசினி வேலையையும் பாரமெடுக்க ஒரு ஆள் வேணும்" என்றேன். "எனக்கு இனி ஏலாது. அவருக்கு ஞாயிறிலதான் கொஞ்சம் சுகமாயிருக்கு. நான் அவரோட இருக்க வேணும். அதுக்காக ஜெபியுங்கோ."

இதைவிட வெளிச்சமாகத் தமிழில் சொல்ல எனக்குத் தெரியாது.

போதகரின் கண் கலங்கியது, அவர் நல்ல மனிதர். "அக்காவை முன்னால வரச் சொல்லுங்க" என்றார். போனேன். பெண்கள் எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். தலையில் ஒரு கை, தோளில் மூன்று கை, முதுகில் எத்தனையோ கை. போதகர் உரத்த குரலில் ஜெபித்தார். அக்காவுக்குப் பெலன் தாரும் ஆண்டவரே என்றார். இந்த முழங்கால்களைத் தொடும், சோர்வை எடுத்துப்போடும், இன்னும் பல ஆண்டுகள் இந்த ஊழியத்தை உற்சாகமாகச் செய்ய ஆவியைத் தாரும் என்றார். சனம் ஆமென், ஆமென் என்றது. எனக்குப் பின்னால் ஒருத்தி தேம்பி அழுதாள். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். எல்லாக் கண்ணும் இறுக மூடியிருந்தன. ஒருவர்கூட ஏமாற்றவில்லை, மனதாரத்தான் ஜெபித்தார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஜெபம் முடிந்து குசினிக்குள் போனேன். தேம்பி அழுதவள் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நல்லா ஜெபிச்சிருக்கிறம். இனி ஒண்டுக்கும் பயப்பிடாதேயுங்கோ" என்றாள். பிறகு மேசையை எட்டிப் பார்த்து, "அங்கால சீனி முடிஞ்சுது" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

"பெலன் வந்துதே?" என்று கேட்டார்.

"வரேல்லை."

"நல்ல காலம்" என்றார். "வந்திருந்தால் நீர் இன்னும் பத்து வருஷம் செய்திருப்பீர்."

அவர் அதைப் பகிடியாகத்தான் சொன்னார். இன்னும் பத்து வருஷம் என்ற சொல் அந்த அறையில் கொஞ்ச நேரம் நின்றது. இரண்டு பேரும் தொலைக்காட்சியைப் பார்த்தோம். அதில் ஏதோ வீடு விற்கிற நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கிழமையே பாபடோயிட்டோயில் இருக்கும் போதகர் வீட்டுக்குப் போனேன். அவருக்குச் சம்பளம் கொடுக்கும் வசதி எங்கள் சபைக்கு இல்லை. விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற பகுதியில் வேலை செய்துகொண்டுதான் ஊழியமும் செய்கிறார். வேலை உடுப்போடு சோபாவில் சாய்ந்திருந்தார். அவருடைய களைப்பும் என் களைப்பும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன என்றுதான் சொல்ல வேண்டும். நான் சாவியை மேசையில் வைத்தேன். அலார இலக்கத்தையும் சொன்னேன்.

"அக்கா, அவசரப்படாதீங்க. நாம இதுக்காக இன்னும் கொஞ்சம் ஜெபிக்கலாமே" என்றார்.

"ஜெபிப்பம் ஐயா. நீங்கள் சாவியைக் கையில வைச்சுக்கொண்டு ஜெபியுங்கோ."

அவர் கொஞ்ச நேரம் சாவியைப் பார்த்தார். பிறகு மெதுவாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அண்ணன் எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். வரும் வழியில், மோட்டார்வேயில், பெரிதாக ஏதோ செய்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். நித்திரைதான் வந்தது.

ஞாயிறு வந்தது. கடலடிக்குப் போனோம். பிளாஸ்க்கில் தேத்தண்ணி, ஈயத்தாளில் சுற்றிய ரோல்ஸ். உப்பு அவருக்கு ஆகாது, அதனால் உப்பில்லாமல் செய்தது. கடல் வற்றியிருந்தது, சேறுதான் தெரிந்தது. அவருக்கு அதுவும் கடல்தான். காரை நிறுத்தி, அவர் யன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிய நேரம் என் போன் அடித்தது. மண்டபத்தில் அலாரம் கத்துகிறதாம். பின்னணியில் அது கத்துவது எனக்கும் கேட்டது. இலக்கத்தைச் சொன்னேன். வைத்த கையோடு திரும்பவும் அடித்தது, கொதிநீர்ப் பெட்டியின் சுவிட்ச் எங்கே. அதன்பின் தேயிலை வடி. அதன்பின் சீனி. கடைசியாக ஒரு பெண், "அக்கா, ஒண்டுமில்லை, எங்க இருக்கிறியள் எண்டு பார்க்க எடுத்தனான்" என்றாள். ஒவ்வொரு முறையும் போன் அடிக்கும்போது அவர் கண்ணாடியைக் கொஞ்சம் ஏற்றி, நான் கதைத்து முடித்ததும் திரும்ப இறக்கினார்.

அடுத்த நாட்களில்தான் விஷயம் வளர்ந்தது. ஒரு மனுஷி களைத்துப்போய் வேலையை விட்டாள் என்பதை எங்கள் சபையில் ஒருவராலும் நம்ப முடியவில்லை. குசினியை விடுவதென்றால் ஒரு பிரச்சினை இருக்க வேண்டும், பிரச்சினை என்றால் ஒரு ஆள் இருக்க வேண்டும். நான் போதகரோடு மனஸ்தாபம் என்றார்கள். போதகரின் மனைவி என் தேத்தண்ணியைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டாள் என்றார்கள். பாவம், அந்தப் பிள்ளை தேத்தண்ணியே குடிப்பதில்லை. வியாழக்கிழமை நான் ஹென்டர்சனில் இன்னொரு சபையில் சேர்ந்துவிட்டேன், அங்கே எனக்குப் பெரிய குசினி தந்திருக்கிறார்கள் என்று கதை முடிந்திருந்தது. என்னைத் திருப்பிக் கொண்டுவர வட்ஸ்அப்பில் ஜெபச் சங்கிலி ஒன்றும் ஓடியது. அதில் என்னையும் சேர்த்திருந்தார்கள், மறந்துபோய். என் இருதயக் கடினம் நீங்க வேண்டும் என்று நானும் வாசித்தேன்.

வெள்ளி பின்னேரம் ஐந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள், கையில் கேக்கோடு. சோபாவில் வரிசையாக இருந்து, என்ன மனவருத்தம் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒன்றுமில்லை, களைப்பு என்றேன். அது சரி, ஆனால் உண்மையான காரணம் என்ன என்றார்கள். அவர் என்றேன், பக்கத்தில் இருந்தவரைக் காட்டி. எல்லாரும் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவர் வாழைத்தண்டைப் பற்றிக் கேட்டார். நான் எழும்பி உள்ளே போனேன். தேத்தண்ணி ஊற்றும் வேலையை ஏன் விட்டாய் என்று கேட்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிறேன் என்பது மூன்றாவது கோப்பையில்தான் உறைத்தது. அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் குசினியில் விட்டுவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஒருக்கா இரண்டு பேருமாப் போவம்" என்றார் அவர், ஆட்கள் போன பிறகு. "இல்லாட்டி நாங்கள் ஹென்டர்சனிலதான் எண்டு முடிவுகட்டிப் போடுவினம்."

அப்படித்தான் அந்த ஞாயிறு எழுபது பேரில் இரண்டு பேராகப் போனோம். கதவு திறந்திருந்தது. யார் திறந்தார்கள் என்று தெரியாமல் உள்ளே போவது விசித்திரமாக இருந்தது. கதிரைகள் கோணலாகக் கிடந்தன, ஹீட்டர் போடவில்லை, குளிர். பின் வரிசையில் இருந்தோம். பாட்டில் யாழ்ப்பாணத்தார் ஒரு மெட்டும் திருநெல்வேலியார் இன்னொரு மெட்டும் இழுத்து வழமைபோல் இரண்டாம் வரியில் மோதினார்கள். குசினிக்குள் இருந்தே இவ்வளவு காலமும் அதைக் கேட்டிருக்கிறேன். மண்டபத்துக்குள் இருந்து கேட்டால் அவ்வளவு மோசமில்லை. பிரசங்கத்தை முதல்முறையாக முழுதாகக் கேட்கப் போகிறேன் என்று நிமிர்ந்து இருந்தேன். பாதியில் தூங்கிப்போனேன். அவர் என் கையைத் தட்டி ஆமென் சொல்ல வைத்தார்.

முடிந்ததும் பழக்கத்தில் எழும்பினேன். அவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். "இரும்" என்றார். இருந்தேன். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்போது கம்ப்யூட்டர் தம்பி ஒரு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தளம்பாமல், நாக்கைக் கடித்தபடி நடந்து வந்தார். எனக்கு முன்னால் நீட்டினார்.

"டீ, அக்கா."

அந்த மண்டபத்தில் இத்தனை வருஷத்தில் எனக்கு ஒருவர் கொண்டுவந்து தந்த முதல் தேத்தண்ணி அது. வாங்கிக் குடித்தேன். தம்பி முன்பு சொன்னது பொய்யில்லை. பால் திரைந்திருந்தது, சாயம் இறங்கவில்லை, சீனி அடியில் அப்படியே கிடந்தது. அதைவிட மோசமான தேத்தண்ணியை நான் குடித்ததில்லை. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அடி வரை குடித்தேன். யாரும் சாகவில்லை.

தம்பி போகாமல் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, என் வெறும் கோப்பைக்குப் பக்கத்தில், மேசை ஓரத்தில் வைத்தார். அந்த இரண்டு கிழமைக்குள் அது போதகரிடமிருந்து அவரிடம் வந்திருந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல முக்கியமான வேலை. ஒரே ஒரு வாரம். நீங்க வச்சிருங்களேன்."

ஒரு மாதத்துக்கு வைத்திருங்கோ என்ற குரல் எனக்குக் காதில் கேட்டது. உண்மையைச் சொன்னால், என் கை கொஞ்சம் அசைந்தது. எடுத்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி, எனக்கும் ஒருவகையில் நிம்மதிதான்.

"அடுத்த ஞாயிறு எங்களுக்கு வேலை இருக்கு தம்பி" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடக்கிற மனிதருக்கு என்ன வேலை என்று தம்பிக்கு விளங்கவில்லை. "என்ன வேலைண்ணா?"

"கடல் பார்க்கிற வேலை."

தம்பி சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் கோப்பையில் ஒரு மிடறு மட்டும் குடித்துவிட்டு வைத்தார், அன்றைய கணக்குக்கு அவ்வளவுதான். பிறகு கதிரையின் கைப்பிடியைப் பிடித்து எழும்பினார். நானும் எழும்பினேன். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். சாவி மேசையில், கோப்பைக்குப் பக்கத்தில், வைத்த இடத்திலேயே இருந்தது. தம்பி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைச் சுற்றி இன்னும் நாலைந்து பேர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த ஞாயிறு நல்ல மழை. அவர் வெளிக்கிட்டு, தொப்பியும் போட்டு, நான் எழும்ப முந்தியே கதவடியில் நின்றார். அதே கடற்கரை, அதே இடம். இந்த முறை தண்ணீர் ஏறியிருந்தது. கண்ணாடியில் மழை வழிந்ததால் கடல் சரியாகத் தெரியவில்லை. போனை நான் கியருக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மண்டபம் திறக்கிற நேரம் வந்தது. போன் அடிக்கவில்லை. ஆராதனை தொடங்குகிற நேரமும் போனது. யாரோ திறந்திருக்கிறார்கள், அல்லது எழுபது பேரும் பிள்ளைகளோடு மழையில் நிற்கிறார்கள். ஹீட்டர் போட்டிருப்பார்களா. கொதிநீர்ப் பெட்டியை இப்போது போடாவிட்டால் பிறகு தண்ணீர் கொதிக்காது. நான் போனை எடுத்துப் பார்த்தேன். வைத்தேன். திரும்ப எடுத்தேன்.

"அடிக்கேல்லையோ?" என்று கேட்டார், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லை."

"உமக்கு அது கவலையாக் கிடக்கோ?"

"ஓம்" என்றேன். அவரிடம் ஒளித்து என்ன.

"கவலைப்படும்" என்றார். "ஆனா இஞ்ச இருந்துகொண்டு கவலைப்படும்."

பிளாஸ்க்கைத் திறந்து ஒரே ஒரு கோப்பை ஊற்றினேன். அதில் பாதியை அவர் மெதுவாகக் குடித்துவிட்டு, மீதியை என்னிடம் தந்தார்.